நூறு சிசி பைக்குக்குத் தனிப் பந்தயப் பிரிவு தொடங்க

முதலில் ஒரே மாடலை முடிவு செய்யுங்கள். குன்னூரில் பட்டறை வைத்திருக்கும் நான் சொல்வது பழைய கார்புரேட்டர் ஸ்ப்ளெண்டர். 97.2 சிசி. உதிரிபாகம் மலையிலும் கிடைக்கும், மேட்டுப்பாளையத்திலும் கிடைக்கும். பிஎஸ் 6 மாசு விதிப்படி வந்த வண்டியில் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இரண்டையும் ஒரே பந்தயத்தில் கலக்காதீர்கள்.

விதிகள் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எஞ்சினுக்குள் கை வைக்கக் கூடாது, எல்லாருக்கும் ஒரே டயர். ஹெட்லைட், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் கழற்றிவிட்டு, ஆயில் டிரெயின் போல்ட் கழன்று ஆயில் கொட்டாமல் அதைக் கம்பியால் கட்ட வேண்டும். அப்புறம் மிக முக்கியமான விதி: ஜெயித்தவர் எஞ்சினை, முன்பே குறித்த விலைக்கு எந்தப் போட்டியாளர் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். அது இருந்தால் யாரும் ரகசியமாகப் பணத்தைக் கொட்ட மாட்டார்கள். கையில் காசில்லாத பையனும் சமமாக ஓட்டலாம். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மலை ரோட்டில் பந்தயம் வேண்டவே வேண்டாம். கோவை செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம், கரி மோட்டார் ஸ்பீட்வே, இருக்கிறது. அங்கே நேரம் கேளுங்கள். போட்டி என்றால் இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. உரிமம் பற்றியும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது மெயின் ஜெட், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளை. குன்னூர் 1,850 மீட்டர் உயரம். காற்று மெல்லியது, அதனால் பெட்ரோல் அதிகமாகி ஸ்பார்க் பிளக் கறுக்கும். சின்ன ஜெட் போட்டுச் சரி செய்வோம். அந்தச் சின்ன ஜெட்டோடு அப்படியே கோவைக்கு இறங்கினால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் கலவை வறண்டு எஞ்சின் கொதிக்கும், பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். கழற்றிய பழைய பெரிய ஜெட்டைப் பையில் வையுங்கள். டிராக்கில் முதல் சுற்றுகள் ஓடியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: இளம்பழுப்பு நிறம் என்றால் சரி, வெளுத்திருந்தால் உடனே பெரிய ஜெட்டுக்கு மாறுங்கள்.