எந்தத் தற்காப்புக் கலையில் சேரலாம்?

கராத்தேயா, குத்துச்சண்டையா, சிலம்பமா என்று யோசிக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: முகத்தில் அடி வாங்கச் சம்மதமா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

சம்மதம், குறி தற்காப்பு மட்டும்தான் என்றால் குத்துச்சண்டை. ஜாப், கிராஸ், ஹூக், அப்பர்கட் என்று அடிப்படைக் குத்துகள் நாலே. மற்றதெல்லாம் காலடியும் தலையசைவும்தான். அதனால் பலன் சீக்கிரம் தெரியும். கைக்குச் சுற்ற நாலரை மீட்டர் துணி, ஸ்பாரிங்குக்கு (எதிராளியோடு மோதிப் பழகுவது) 16 அவுன்ஸ் கையுறை, பல்காப்பு வேண்டும். துணி சுற்றாமல் குத்துப்பையைக் குத்தினால் முதலில் மணிக்கட்டு போகும். சேர்ந்த வாரமே ஸ்பாரிங்கில் இறக்கிவிடும் இடம் வேண்டவே வேண்டாம்.

அடி வேண்டாம், ஆனால் எதிராளியின் முழு பலத்தையும் சமாளித்துப் பார்க்க வேண்டும் என்பவருக்கு ஜூடோவும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவும். இரண்டிலும் குத்து, உதை கிடையாது. எனவே பயிற்சியில் கூட இருப்பவர் தாராளமாக முரண்டு பிடிக்கலாம். எதிராளியைத் தூக்கி வீசும் ஜூடோவில் ஆரம்ப வாரங்கள் விழப் பழகுவதிலேயே போகும்: மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயை அறைந்து விழ வேண்டும். கையை ஊன்றி விழுபவர்களுக்குத்தான் மணிக்கட்டும் தோளும் கெடுகின்றன. முழங்கால் ஏற்கெனவே தகராறு செய்தால் ஜூடோவையும், உதையே பிரதானமான டேக்வாண்டோவையும் தள்ளி வையுங்கள். ஜியு-ஜிட்சு பெரும்பாலும் தரையில் நடப்பது. எதிராளி உங்கள் மூட்டை மடக்கிப் பூட்டியதும், தோற்றேன் என்பதற்கு அடையாளமாகக் கையால் தட்டிவிட வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருந்தால் தசைநார் கிழியும். பாயை வகுப்புதோறும் துடைக்கிறார்களா என்றும் பாருங்கள். படர்தாமரை பரவ அதைவிடத் தோதான இடம் இல்லை.

கராத்தே என்ற பலகையை மட்டும் நம்ப முடியாது. கியோகுஷின் என்ற கராத்தே வகையில் கையால் முகத்தில் குத்தக் கூடாது, உடம்பில் முழு வேகத்தில் அடிக்கலாம், தலைக்கு உதையும் உண்டு. புள்ளிகளை வைத்து வெற்றி பெறும் புள்ளிக் கராத்தேயில் அடியைக் கட்டுப்படுத்த வேண்டும். சில இடங்களில் கட்டாவை (தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசை) தவிர வேறெதுவும் நடப்பதில்லை. ஒலிம்பிக் கனவோடு பிள்ளையைச் சேர்ப்பவர்கள் கவனிக்க: டேக்வாண்டோ 2000 முதல் பதக்க விளையாட்டு; கராத்தே 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் மட்டுமே இருந்தது.

சிலம்பத்தைத் தெருச் சண்டைக்காகக் கற்க வேண்டாம். கம்பை யார் கூடவே தூக்கிக்கொண்டு நடப்பது? காலடி, மணிக்கட்டு, மூச்சு ஆகியவற்றுக்கு அது அருமை. தமிழக அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டிலும் இடம் பெற்றிருக்கிறது. கம்பு உங்கள் நெற்றி உயரம் இருந்தால் போதும்.

சேரும் முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எதிர்த்து நிற்கும் ஆளோடு எத்தனை நிமிடம் பயிற்சி நடக்கிறது? துளியும் இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்தும் காற்றைத்தான் அடித்துக்கொண்டிருப்பீர்கள். புதியவரை மாஸ்டர் யாரோடு ஜோடி சேர்க்கிறார் என்பதும் முக்கியம்: நிதானமான மூத்த மாணவரோடு என்றால் நல்லது, இன்னொரு புதியவரோடு என்றால் காயம் நிச்சயம். பெல்ட் டெஸ்ட் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். மாதச் சந்தாவைவிட அதில்தான் பணம் கரையும்.

வாரம் இரண்டு நாளாவது போக முடிகிற தூரத்தில் வகுப்பு இருக்கட்டும். வருடக் கட்டணத்தை முதல் நாளே கட்ட வேண்டாம். ஆரம்பத்தில் பல இடங்களில் டி-ஷர்ட்டும் டிராக் பேண்டும் போதும். பல்காப்பு மட்டும் இரவல் வாங்கக் கூடாது.