ஆங்கிலத்தில் வெறுப்பை எழுதும்போது நாம் சறுக்கும் இடங்கள்

‘ஹேட்’ போதாது, இன்னும் காரமாக ஒரு சொல் வேண்டும் என்று தோன்றினால் பலரும் உடனே ஒத்தசொல் பட்டியலைத் திறக்கிறார்கள். லோத், டிடெஸ்ட், அப்ஹார், டிஸ்பைஸ் என்று அங்கே வரிசையாக நிற்கும். பார்க்கக் கனமாக இருக்கிற ஒன்றை எடுத்து ‘ஹேட்’ இருந்த இடத்தில் ஒட்டிவிடுகிறோம். இவை ஒரே வெறுப்பின் ஐந்து அளவுகள் அல்ல, ஐந்து தனித்தனி வெறுப்புகள் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

‘லோத்’ உடம்போடு ஒட்டியது. கிட்ட வந்தாலே கூசுகிற, விலகி ஓடத் தோன்றுகிற வெறுப்பு அது. ‘டிடெஸ்ட்’ அவ்வளவு கொதிக்காது. யோசித்து, முடிவு கட்டி, இனி மாறப்போவதில்லை என்று வைத்துக்கொண்ட வெறுப்பை அது சொல்லும். அதன் லத்தீன் வேரில் ‘சாட்சி’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது. தெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்துச் சபிப்பதுதான் பழைய பொருள். நம்மூரில் மண்ணை வாரித் தூற்றுவதுபோல. ‘அப்ஹார்’ என்பதன் வேரில் இருப்பது மயிர் கூச்செறிந்து பின்வாங்குவது. இன்றைக்கு அது ஏறக்குறைய முழுக்க அறம் சார்ந்த சொல்லாகிவிட்டது. அடிமை முறை, சித்திரவதை, இனவெறி போன்றவற்றைத்தான் அது எதிர்பார்க்கிறது. பாகற்காயை ‘அப்ஹார்’ செய்வதாக எழுதினால் படிப்பவர் சிரிப்பார். சிரிக்க வைப்பதற்காகவே எழுதியிருந்தால் சரி.

அதிகம் தவறாகப் போவது ‘டிஸ்பைஸ்’. இதன் வேர்ப்பொருள் கீழே குனிந்து பார்ப்பது. வெறுப்போடு இளக்காரமும் சேர்ந்தால்தான் இந்தச் சொல் வரும். ஆகவே டெங்குவை ‘டிஸ்பைஸ்’ செய்கிறேன், புயலை ‘டிஸ்பைஸ்’ செய்கிறேன் என்று எழுதுவது ஒட்டாது. அவற்றுக்குப் பயப்படலாம், அவற்றை வெறுக்கலாம், ஆனால் யார் அவற்றைத் தாழ்வாகப் பார்க்கிறார்கள்? லஞ்சம் வாங்கிக்கொண்டு நேர்மை பேசுகிற ஆளுக்கு இந்தச் சொல் பொருந்தும். இதன் பெயர்ச்சொல்லாகப் பயன்படுகிற ‘கன்டெம்ப்ட்’டிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒருவர்மீது இளக்காரம் என்றால் ‘கன்டெம்ப்ட் ஃபார்’. நீதிமன்ற அவமதிப்பு என்றால் ‘கன்டெம்ப்ட் ஆஃப் கோர்ட்’. செய்தித்தாளில் தினமும் பார்க்கிற இரண்டாவதையே மனத்தில் வைத்துக்கொண்டு ‘கன்டெம்ப்ட் ஆஃப் மை நெய்பர்’ என்று எழுதினால், பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று நீதிபதி ஆகிவிடுவார்.

இத்தனைக்கும் நடுவில் ‘ஹேட்’ பாவப்பட்ட சொல். கத்தரிக்காய்க்கும் அதுதான், கொலைகாரனுக்கும் அதுதான் என்று ஆகி, வினைச்சொல்லாக அதன் கூர் மழுங்கிவிட்டது. பெயர்ச்சொல்லான ‘ஹேட்ரட்’ இன்னும் கனமாகவே இருக்கிறது. ‘ஹேட் கிரைம்’, ‘ஹேட் ஸ்பீச்’ என்று சட்டத்தோடு சேர்ந்து வரும்போது ‘ஹேட்’டுக்கும் வேறு எடை.

இனி இலக்கணம். நம்மவர்கள் எழுத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ‘ஐ ஆம் டிஸ்கஸ்டிங்’. எழுதியவர் சொல்ல நினைத்தது ‘எனக்கு அருவருப்பாக இருக்கிறது’. எழுதியது ‘நான் ஓர் அருவருப்பான ஆள்’. தமிழில் ‘எனக்கு’ என்ற வேற்றுமை உருபே யார் உணர்கிறார், எது உணரவைக்கிறது என்பதைப் பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் சொல்லின் வால்தான் அந்த வேலையைச் செய்கிறது. உணர்பவர் ‘டிஸ்கஸ்டெட்’, உணரவைப்பது ‘டிஸ்கஸ்டிங்’. அப்பால்ட்–அப்பாலிங், ரிவோல்ட்டட்–ரிவோல்ட்டிங், சிக்கன்ட்–சிக்கனிங் எல்லாம் இதே கணக்கு. ‘நாசியஸ்’ மட்டும் வம்பு. குமட்ட வைப்பதுதான் நாசியஸ், குமட்டல் வந்தவர் நாசியேட்டட் என்று பழைய ஆசிரியர்கள் பிரம்பெடுப்பார்கள். அமெரிக்கர்கள் அந்தச் சண்டையை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். நாமும் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

‘ஐ ஆம் ஹேட்டிங் திஸ் பிளேஸ்’ என்பது ‘வெறுத்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதன் நேர் நகல். மன நிலையைச் சொல்லும் வினைகள் எழுத்து வழக்கில் இப்படித் தொடர்வடிவம் எடுப்பதில்லை. ‘ஐ ஹேட்’ போதும். 2003-ல் மெக்டொனால்ட்ஸ் கொண்டுவந்த ‘லவ்விங் இட்’ விளம்பரத்தைச் சுட்டிக்காட்டி வாதாடுபவர்கள் உண்டு. பர்கர் விளம்பரத்துக்கு அது சரி, புகார்க் கடிதத்துக்குச் சரிவராது. இன்னொன்று: ‘ஹேட்’டுக்குப் பின்னால் ‘டு’ போட்டும் எழுதலாம், ‘இங்’ போட்டும் எழுதலாம். டிடெஸ்ட், லோத், அப்ஹார் மூன்றும் ‘இங்’ மட்டுமே ஏற்கும். ‘ஐ டிடெஸ்ட் வெயிட்டிங்’ சரி, ‘ஐ டிடெஸ்ட் டு வெயிட்’ தவறு.

‘லோத்’ பற்றி இன்னும் ஒரு சங்கதி. கடைசியில் ‘ஈ’ எழுத்து இருந்தால் அது வினைச்சொல், வெறுப்பது. அந்த எழுத்து இல்லையென்றால் அது ‘மனமில்லாத, தயங்குகிற’ என்ற பொருள் தரும் பெயரடை. ‘ஐ ஆம் லோத் டு சைன்’ என்றால் கையெழுத்துப் போடத் தயங்குகிறேன் என்று அர்த்தம். அங்கே ‘ஈ’ கூடாது. ஒலியும் வேறு. வெறுக்கிற ‘லோத்’ ‘ப்ரீத்’ என்பதன் அதிர்வோடு முடியும், தயங்குகிற ‘லோத்’ ‘ப்ரெத்’ என்பதன் காற்றோடு முடியும். ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் இதில் அடிக்கடி தவறுகிறார்கள் என்பது நமக்கு ஒரு சின்ன ஆறுதல்.

பொருள் புரியாமல் கேட்ட ஓசையை வைத்தே எடுத்துக்கொள்கிற சொற்கள் தனி வகை. ‘நாய்சம்’ என்பதற்கும் இரைச்சலுக்கும் சம்பந்தமில்லை. அது குடலைப் புரட்டும் நாற்றம். நம் ஊர்களில் ‘ஹீனியஸ்’ என்று பலர் உச்சரிப்பது உண்மையில் ‘ஹேனஸ்’. ‘வெறுப்பு’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இந்தியாவில் இதற்குச் சட்ட எல்லையே உண்டு. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள குற்றங்களை இந்த வகையில் வைக்கிறது. பைக் திருட்டுக்கு இதைப் போட்டால் வக்கீல் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். ‘டாஸ்டர்ட்லி’ என்பது அதேபோல ஒலிக்கும் கெட்ட வார்த்தையின் தம்பி அல்ல. கோழைத்தனமும் கொடூரமும் சேர்ந்த செயலைக் குறிப்பது அது. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதற்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, ரூஸ்வெல்ட் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பயன்படுத்திய சொல். நம் தலைவர்கள் அறிக்கைகளில் ‘கவர்ட்லி அண்ட் டாஸ்டர்ட்லி’ என்று ஜோடி போட்டு விடுவதில் பாதிக்குப் பாதி ஒரே பொருளைத்தான் இரண்டு முறை சொல்கிறார்கள்.

‘எனார்மிட்டி’யைப் பற்றி நிறையப் பேசலாம். பெரிய அளவு என்று நினைத்து ‘எனார்மிட்டி ஆஃப் த ஸ்டேடியம்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். கவனமாக எழுதுபவர்கள் கையில் இது வெறும் அளவைக் குறிப்பதில்லை, ஒரு செயலின் பயங்கரத்தையும் கொடுமையையும் குறிக்கும். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு, 1919 மே மாத இறுதியில், தாகூர் தன் ‘சர்’ பட்டத்தைத் துறந்து வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டுக்கு எழுதிய கடிதம் இந்தச் சொல்லோடுதான் ஆரம்பிக்கிறது. பஞ்சாபில் அரசு எடுத்த நடவடிக்கைகளின் ‘எனார்மிட்டி’ என்று. அளவு, அக்கிரமம் இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது.

அந்தக் கடிதத்தை நிறுத்திப் படிக்க வேண்டும். ஏனென்றால் அறச்சீற்றத்தை எழுதும்போது நாம் செய்கிற பெரிய தவறு எது என்பது அங்கே தெளிவாகத் தெரிகிறது. நாம் உரிச்சொல்லை அடுக்குவோம்: கொடூரமான, இழிவான, வெட்கக்கேடான, மனிதத்தன்மையற்ற. தமிழ் மேடையில் அடுக்குக்கு ஓர் அழகு உண்டு, ஒவ்வொரு சொல்லும் ஒரு கைதட்டலை வாங்கும். ஆங்கில உரைநடையில் அதே அடுக்கு ஒன்றை ஒன்று தின்றுவிடும். நான்காவது சொல் வரும்போது படிப்பவர் முதல் மூன்றை நம்புவதை நிறுத்தியிருப்பார். தாகூர் அருவருப்பைக் குறிக்கும் சொற்களை நம்பி நிற்கவில்லை. கௌரவச் சின்னங்கள் நம் வெட்கத்தை இன்னும் பளிச்சென்று காட்டுகிற நேரம் வந்துவிட்டது என்கிறார். சிறப்பு அடையாளங்களைக் களைந்துவிட்டு, அற்பமானவர்கள் என்று கருதப்படும் தன் நாட்டு மக்களோடு நிற்க விரும்புகிறேன் என்கிறார். கடைசியில் ஒரு நாசூக்கான குத்து இருக்கிறது. இந்தப் பட்டத்தை உங்களுக்கு முன்னிருந்த வைஸ்ராய் கையால் வாங்கினேன், அவருடைய பெருந்தன்மையை இன்றும் மிகவும் மதிக்கிறேன் என்று எழுதுகிறார். முன்னவரைப் புகழ்ந்தது யாரைத் திட்டுவதற்கு என்று செம்ஸ்ஃபோர்டுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

அதே படுகொலை பற்றி 1920 ஜூலை 8 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியபோது, போர்த்துறை அமைச்சராக இருந்த சர்ச்சில் கையாண்ட கனமான உரிச்சொல் ‘மான்ஸ்ட்ரஸ்’. அதைச் சொன்ன கையோடு, இது தனித்தும் அச்சமூட்டியும் நிற்கும் நிகழ்ச்சி என்று அமைதியாக விவரித்தார். இந்தியாவைப் பற்றிய அவருடைய பொதுவான மனோபாவத்துக்கு இது நற்சான்றிதழ் அல்ல. வாக்கியம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சொல்கிறேன். 1954 ஜூன் 9 அன்று, அமெரிக்காவில் தொலைக்காட்சி வழியாக நாடே பார்த்துக்கொண்டிருந்த விசாரணையில், பலரையும் கம்யூனிஸ்ட் என்று குற்றம்சாட்டிவந்த செனட்டர் மெக்கார்த்தியிடம் வழக்கறிஞர் ஜோசஃப் வெல்ச் ஒரு கேள்வியைத்தான் கேட்டார்: கடைசியில் உங்களுக்குக் கண்ணியம் என்ற உணர்வே இல்லாமல் போய்விட்டதா, சார்? ‘சார்’ என்ற மரியாதைச் சொல் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அது இல்லாவிட்டால் வெறும் கத்தல்தான் மிஞ்சியிருக்கும்.

வலுவூட்டும் அடைமொழிகளையும் பார்த்துப் போட வேண்டும். ‘வெரி அப்ஹாரன்ட்’, ‘வெரி ஹேனஸ்’ என்பவை நலிந்து ஒலிக்கும். உச்சத்தில் ஏற்கெனவே நிற்கிற சொல்லுக்கு ‘மிக’ தேவையில்லை. வேண்டுமென்றால் அட்டர்லி, அப்சல்யூட்லி, மாரலி போன்றவை சேரும். வேடிக்கை என்னவென்றால், அன்பான அழைப்பிதழ்களில் வரும் ‘கார்டியலி’ வெறுப்போடும் சேரும். ‘கார்டியலி டிடெஸ்ட்’ என்றால் மனதார வெறுப்பது.

ஒரு இடத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. அருவருப்பு ஒரு செயலை நோக்கிப் போகும்வரை அது அறம். மனிதர்களை நோக்கித் திரும்பி, அவர்களைப் புழு, பூச்சி, அழுக்கு என்று பெயரிட ஆரம்பித்தால் அது வேறு விஷயம். 1994-ல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையின்போது அந்நாட்டு வானொலி ஒன்று துட்சி மக்களைத் திரும்பத் திரும்பக் கரப்பான் பூச்சிகள் என்றது. அதில் சம்பந்தப்பட்டவர்களை 2003-ல் ஐ.நா. தீர்ப்பாயம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஆங்கிலத்தில் ‘வெர்மின்’, ‘ஃபில்த்’, ‘ஸ்கம்’ போன்ற சொற்களை ஒரு கூட்டத்தைக் குறித்து எழுதும்போது இந்த வரலாறு முழுவதும் கூடவே வருகிறது. கோபத்தில் இருந்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இனி அன்றாடத்துக்கு வருவோம். லண்டனில் இருக்கிற ஒருவர், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் முதியோர் இல்லத்துக்குப் புகார் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படி இருக்கும்: உங்கள் இல்லம் மகா கேவலமானது, உங்கள் ஊழியர்கள் மனிதர்களே இல்லை, எனக்கு உங்களைக் கண்டாலே அருவருப்பு. இதைப் படிக்கும் மேலாளர் ‘கோபக்காரர்’ என்று குறித்துக்கொண்டு கோப்பை மூடிவிடுவார். போதாக்குறைக்கு ‘டிஸ்கஸ்டெட்’ என்று கையெழுத்துப் போட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிற கென்ட் மாவட்டத்து டன்பிரிட்ஜ் வெல்ஸ் வாசகர், எதற்கெடுத்தாலும் பொங்குகிற ஆசாமிக்கு உதாரணமாகப் பிரிட்டனில் பல காலமாகக் கேலிப் பொருள். அந்தச் சொல்லோடு கடிதத்தை ஆரம்பித்தால் அந்தச் சிரிப்புக்கும் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது வரைவு வேறு மாதிரி இருக்கலாம். செவ்வாய்க்கிழமை மாலை 4 மணியிலிருந்து இரவு 9 மணிவரை அம்மா நனைந்த படுக்கையிலேயே இருந்தார். இரண்டு முறை மணி அடித்திருக்கிறார், யாரும் வரவில்லை. அன்றைய பதிவேட்டில் ‘நலமாக உறங்கினார்’ என்று எழுதியிருக்கிறது. இவ்வளவையும் உணர்ச்சியில்லாமல் அடுக்கிய பிறகு ஒரே ஒரு ‘ஐ ஆம் அப்பால்ட்’. அதைத் தொடர்ந்து ‘திஸ் இஸ் அன்அக்செப்டபிள்’. நம் காதுக்குச் சப்பென்று ஒலிக்கிற இந்தச் சொல் பிரிட்டிஷ் அலுவலக எழுத்தில் கனமானது. ‘டிசப்பாயின்டட்’கூட நாம் நினைப்பதைவிட அங்கே நன்றாகவே சுடும். பிறகு அந்தப் பதிவேட்டின் நகலை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி, கீழே வழக்கம்போல ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’.