விமானப்படைப் பராமரிப்பு, பயிற்சி, பாதுகாப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய பாதுகாப்பு முறை ஒன்றை உருவாக்குபவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு, விமானத்தைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்து ஆபத்துகளைப் பட்டியலிடுவது. 2006 செப்டெம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானில் பிரித்தானிய நிம்ரொட் கண்காணிப்பு விமானம் தீப்பிடித்து விழுந்து 14 பேர் இறந்தார்கள். வானிலேயே எரிபொருள் நிரப்பிய சற்று நேரத்தில், கசிந்த எரிபொருள் சூடான காற்றுக் குழாயில் பட்டுத் தீப்பற்றியிருக்க வேண்டும் என்பதே விசாரணையின் முடிவு. அந்த விமானத்துக்குப் பாதுகாப்பு ஆவணம் இல்லாமல் இல்லை. இத்தனை வருடம் பறந்த விமானம்தானே என்ற நினைப்பில் நிரப்பிய ஆவணம் அது என்று 2009இல் வந்த அறிக்கை கடுமையாகச் சாடியது. ஆபத்துப் பட்டியலில் ஒரு வரியை முடித்துக் கையொப்பமிடுபவர், மூடியைக் கழற்றி, குழாய்க்கும் எரிபொருள் இணைப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்காத வரை அந்த வரி முடியவில்லை.

பராமரிப்பு அட்டவணையை உற்பத்தி நாட்டிலிருந்து அப்படியே எடுத்து வைப்பதும் ஆபத்தே. இலங்கையின் இரத்மலானை விமானத்தள ஓடுபாதை கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. பறப்பு மணித்தியாலத்தை மட்டும் வைத்துப் பரிசோதனை நாளைக் குறித்தால், உதிரிப்பாகத்துக்காக மாதக்கணக்கில் நிற்கும் விமானம் பறக்காமலே அரித்துப்போகும். மணித்தியாலமா, நாளா, எது முந்துகிறதோ அதன்படி பரிசோதிக்க வேண்டும். கடல்மேல் தாழப் பறந்து வந்த ஹெலிகொப்டரை அன்றே நன்னீரால் கழுவ வேண்டும், மறுநாளுக்கு விடக்கூடாது. காலையில் முதல் பறப்புக்கு முன் எரிபொருள் தாங்கியின் அடியிலிருந்து மாதிரி எடுத்து நீர் பார்ப்பதும் மழைக்காலத்துக்கு மட்டும் உரிய வேலையல்ல.

இலங்கை விமானப்படையில் அமெரிக்க பெல், ரஷ்ய எம்ஐ-17 ஹெலிகொப்டர்கள், சீன கே-8 பயிற்சி விமானம் எல்லாம் உண்டு. ஒன்றுக்கு அங்குல அளவுக் கருவிகள், மற்றதற்கு மில்லிமீற்றர். அரை அங்குல ஸ்பனருக்குரிய நட்டின் அகலம் 12.7 மி.மீ. 13 மி.மீ. ஸ்பனர் அதில் போய் உட்காரும், ஆனால் இறுக்கும்போது வழுக்கி மூலையை மழுக்கிவிடும். இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். வேறு வேறு நிறப் பெட்டி, ஒவ்வொரு ஸ்பனருக்கும் அதன் வடிவிலேயே வெட்டிய குழி, வேலை முடிந்ததும் இருவர் எண்ணிப் பார்ப்பது என்று வையுங்கள். குழி வெறுமையாக இருந்தால் அந்த விமானம் பறக்காது.

'இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லது' என்ற கைப்பழக்கத்தையும் பயிற்சியில் உடைக்க வேண்டும். 2011 நவம்பரில் பிரித்தானியாவில் தரையில் நின்ற ஹோக் விமானத்தில் வெளியேற்று இருக்கை (ஆபத்தில் விமானியைப் பரசூட்டோடு வெளியே எறியும் இருக்கை) இயங்கி விமானியை மேலே எறிந்தது. பரசூட் விரியவில்லை, அவர் இறந்தார். ஒரு போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்ததால், பரசூட் விரிய விடுபட வேண்டிய கொளுவி விடுபடாமல் போனதே அதற்குக் காரணம். ஆகவே பயிற்சிக் கையேட்டில் இறுக்க அளவை மட்டும் எழுதினால் போதாது. அந்த இணைப்பு ஏன் தளர்வாக இருக்க வேண்டும், இறுகினால் எது கழலாது என்பதையும் படத்தோடு எழுதுங்கள். காரணம் தெரிந்த கை அளவை மீறாது.

தரையிலேயே பறப்பைப் பழக்கும் சிமுலேட்டர் வாங்கும்போது திரையின் அழகில் மயங்குபவர்கள் பலர். சுவிட்ச் இருக்கும் இடம் உங்கள் விமானத்தோடு ஒத்துப்போகாவிட்டால், அவசரத்தில் விமானியின் கை தவறான இடத்துக்கே போகும். இரவுப் பார்வைக் கண்ணாடியின் பார்வைப் பரப்பு பொதுவாக ஏறக்குறைய 40 பாகைதான். நிலவில்லாத கடல்மேல் உயரம் பிடிபடாது என்பதைப் பறப்புக்கு முன்பே காட்டிப் பழக்க வேண்டும். தீவு நாட்டில் ஹெலிகொப்டர் குழுவுக்கு நீருக்கடியிலிருந்து வெளியேறும் பயிற்சி இல்லாதிருப்பதை எந்தச் செலவுக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

கடைசியாக, தவறை அறிவிக்கும் படிவம். ஸ்பனர் தொலைந்ததைச் சொன்ன கோப்ரலுக்குத் தண்டனை கிடைத்தால், அடுத்த ஸ்பனரைப் பற்றி எவரும் வாய் திறக்கமாட்டார். படிவம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும், நேரடி மேலதிகாரியின் கைக்குப் போகாமல் பாதுகாப்பு அதிகாரியிடம் போகட்டும். விபத்து விசாரணையையும் ஒழுக்காற்று விசாரணையையும் ஒரே குழுவிடம் கொடுக்கக்கூடாது. அறிவித்தவருக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள், எதையும் மாற்றவில்லை என்றால் அதையும் காரணத்தோடு.