சிரசைக் கண்டு அஞ்சாத குழந்தை திரையரங்கில் ஏன் அழுகிறது?

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது, அப்பாவின் தோளில் அமர்ந்திருக்கும் நான்கு வயதுக் குழந்தை அந்தப் பெரிய தலையைப் பார்த்துக் கும்பிடுகிறதே தவிர அலறுவதில்லை. அதே குழந்தை வேலூர்த் திரையரங்கில், சூனியக்காரியின் முகம் மெல்ல உருமாறத் தொடங்கியதும் கதறி அழுகிறது. "திருவிழாவிலேயே பயப்படாதவன் சினிமாவுக்கா பயப்படுவான்?" என்று எண்ணிவிடுவதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு.

அந்தச் சிரசு யாருடையதோ அந்த ரேணுகையின் தலை வெட்டுண்ட கதையையும், அது மீண்டும் ஓர் உடலோடு சேர்ந்த கதையையும் பாட்டி முன்பே சொல்லியிருப்பார். சுற்றிலும் வெளிச்சமும் மேளச் சத்தமும் உறவுக்காரர்களும் இருப்பார்கள். தெருக்கூத்தில் இரணியன் உறுமினாலும் கோமாளியான கட்டியங்காரன் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவான். திரையரங்கின் இருட்டிலோ முடிவு தெரியாத கதையும், நாற்காலியையே அதிரவைக்கும் ஒலியும்தான் உண்டு. கண்ணைப் பொத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், காது திறந்தே இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

மந்திரமும் டிராகனும் பேசும் விலங்கும் இருந்தால் அது குழந்தைகளுக்கான படம் என்று முடிவு செய்வது அடுத்த தவறு. ஏழு வயதுக்குக் கீழுள்ள பல குழந்தைகளுக்கு 'இது கற்பனை' என்ற சமாதானம் அவ்வளவாக எடுபடுவதில்லை. கோரமான தோற்றமும், நல்லவராகத் தெரிந்தவர் சட்டென்று வேறாக மாறுவதும் அவர்களை உலுக்கிவிடும். சற்று வளர்ந்த பிள்ளைகள் அரக்கனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கதாநாயகச் சிறுவனின் தாய் இறக்கும் காட்சியை நினைத்து இரவில் தூங்காமல் கிடப்பார்கள். சாகசக் கதைகளில் பெரும்பாலானவை பெற்றோரை இழந்த, அல்லது வீட்டைப் பிரிந்த சிறுவனோடுதான் தொடங்குகின்றன. ஆகவே 'பேய் வருகிறதா?' என்று விசாரிப்பவர்கள், 'யார் சாகிறார்கள்?' என்றும் விசாரிக்க வேண்டும். அண்மையில் தாத்தாவையோ பாட்டியையோ இழந்த வீட்டில் இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

படத்தின் தணிக்கைச் சான்றிதழைத் தவறாகப் படிப்பதும் பரவலாக இருக்கிறது. 2024 முதல், பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய யுஏ என்பது 7+, 13+, 16+ என வயதுவாரியாக மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இவை பெற்றோருக்கான பரிந்துரைகள் மட்டுமே. ஐந்து வயதுக் குழந்தையோடு 13+ படத்துக்குப் போனாலும் அந்தச் சான்றிதழைக் காட்டி வாசலில் தடுக்க முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குத் தடை 'ஏ' படத்துக்குத்தான். 'உள்ளே விட்டார்கள், எனவே பார்க்கலாம்' என்ற கணக்கு அதனால்தான் பிசகுகிறது. ஓடிடியிலும் 2021ஆம் ஆண்டு விதிகள் பெற்றோர் பூட்டைக் கட்டாயமாக்கியிருப்பது 13+ முதல்தான். ஒரு நாட்டின் அளவுகோல் மற்றொன்றோடு ஒத்துப்போவதும் இல்லை: 2017இல் 'பாகுபலி 2' இங்கே யுஏ பெற்றது, சிங்கப்பூரிலோ பதினாறு வயது நிரம்பாதவர்களை அதற்கு அனுமதிக்கவில்லை. அங்கே போரையும் தலை வெட்டையும் கண்டிப்பாகப் பார்த்தார்கள். நமக்கோ அவை புராணக் கதைகளில் கேட்டுப் பழகியவை.

முன்னோட்டத்தை மட்டும் பார்த்து டிக்கெட் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது ஆளை வரவழைக்கத் தொகுக்கப்படுவது. கடுமையான காட்சிகள் பெரும்பாலும் அதில் இருக்காது. முழுப் படத்தையும் ஒரு பெரியவர் முன்னதாகப் பார்த்துவிடுவதே நம்பத்தக்க வழி. இயலாவிட்டால், பார்த்து வந்தவரிடம் 'நன்றாக இருந்ததா?' என்று கேட்காமல், எந்தக் காட்சியில் பிள்ளைகள் அழுதார்கள் என்று கேட்கலாம்.

"பெரியப்பா மகன் ஆறு வயதிலேயே பார்த்தான்" என்று ஒப்பிடுவது இன்னொரு பிழை. வயது ஒன்றானாலும் அச்சம் ஒன்றாக இருப்பதில்லை. அக்காள் தம்பி இருவரையும் ஒரே படத்துக்கு அழைத்துச் செல்லும்போது, இளையவருக்குப் பொருந்துமா என்றுதான் பார்க்க வேண்டும். நடைமுறையிலோ மூத்தவரின் பிடிவாதமே வெல்கிறது.

கடைசித் தவறு அரங்குக்குள் நடக்கிறது. குழந்தை அழும்போது "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று அதட்டி, கொடுத்த காசுக்காக இறுதிவரை உட்கார வைப்பார்கள். நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்துகொண்டால் யாருக்கும் தொந்தரவில்லாமல் எழுந்து வெளியே வரலாம். மீதிக் கதையை, அரக்கன் எப்படித் தோற்றான் என்பது உட்பட, வீட்டுக்குப் போகும் வழியில் வாயாலேயே சொல்லிவிடலாம்.