ஜாஸும் சோலும் பாடணும், சொல்லியும் கொடுக்கணுமா? பெட்டி கார்ட்டர் போன வழி

அமெரிக்காவுல ஜாஸ், சோல் பாடி பொழைக்கணும், கூடவே பசங்களுக்கு சொல்லியும் கொடுக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்காக இத எழுதுறேன். கச்சேரி இல்லாத மாசத்துக்கு வாடகை கட்ட டீச்சிங்னு நினைச்சு மட்டும் உள்ள போகாதீங்க, பாடுறதும் சொல்லிக்கொடுக்கிறதும் ஒரே வேலைதான். இத எனக்கு புரிய வச்சவங்க அமெரிக்க ஜாஸ் பாடகி பெட்டி கார்ட்டர்.

அவங்க டெட்ராய்ட்ல வளர்ந்தவங்க. சாக்ஸபோன் வாசிக்கிற சார்லி பார்க்கர் ஊருக்கு வந்தப்ப சின்ன வயசுலயே அவர் கூட மேடையேறி பாடிட்டாங்க. 1948ல லயனல் ஹாம்ப்டன் பேண்ட்ல சேர்ந்து ஊர் ஊரா சுத்தினாங்க, சும்மா பாடிட்டு உக்காராம எந்த வாத்தியம் எங்க வரணும்னு அரேஞ்ச்மென்ட் எழுதுறதையும் அந்த பேண்டுக்குள்ளயே கத்துக்கிட்டாங்க. நீங்களும் அங்கதான் ஆரம்பிக்கணும். குரல் நல்லா இருந்தா போதாது, உங்க பாட்டோட பேப்பர் உங்க கையில இருக்கணும்.

பேப்பர்னா லீட் ஷீட். மெட்டும், மேல கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) பேரும் மட்டும் இருக்கும். கடையில கிடைக்கிற புக்ல இருக்கிற கீ, அதாவது சுருதி, பெரும்பாலும் வாத்தியக்காரங்களுக்கு தோதான கீ, பெண் குரலுக்கு பல பாட்டுல நாலு அஞ்சு ஸ்வரம் கீழ இறக்கணும், எஃப்ல இருந்தா சி இல்ல பி ஃப்ளாட். பாட்டுல ரொம்ப மேல போற இடத்தையும் ரொம்ப கீழ வர்ற இடத்தையும் பியானோல தொட்டுப் பாத்து, ரெண்டும் வலிக்காம வர்ற கீய முடிவு பண்ணி, அந்த கீலயே புதுசா எழுதி மூணு காப்பி வச்சுக்கோங்க, பியானோவுக்கு ஒன்னு பேஸுக்கு ஒன்னு டிரம்ஸுக்கு ஒன்னு. பாட்டோட கடைசி 8 பார் இன்ட்ரோவா, நான் ஒரு சுத்து பாடுவேன், பியானோ சோலோ ஒரு சுத்து, பிரிட்ஜ்ல நான் திரும்ப வருவேன், கடைசி வரி மூணு தடவைன்னு மேல எழுதிடுங்க. பார்னா தாளத்தோட ஒரு கட்டம், பெரும்பாலும் நாலு அடி; சுத்துன்னா முழுப் பாட்டு ஒரு தடவை; பிரிட்ஜ்னா நடுவுல மெட்டு மாறுற பகுதி. நான் முதல் தடவை ஒரு ஜாம் செஷன்ல (ஒத்திகை இல்லாம சேர்ந்து வாசிக்கிற மேடை) ஏறினப்ப பியானோக்காரர் என்ன கீன்னு கேட்டார், எனக்கு பதில் தெரியல. அன்னிக்கு பாட்டு எனக்கு எட்டாத உயரத்துல போச்சு, வீட்டுக்கு வந்து ராத்திரியே உக்காந்து எழுத ஆரம்பிச்சேன்.

அடுத்து கவுன்ட் ஆஃப், அதாவது பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்ன எண்ணி வேகம் சொல்றது. வேகத்த டிரம்மர் தீர்மானிக்கக் கூடாது, நீங்கதான் சொல்லணும். கண்ண மூடி மனசுக்குள்ள பிரிட்ஜ் ரெண்டு வரி பாடுங்க, வார்த்தை மூச்சு முட்டாம வர்ற வேகம் எதுவோ அதுல ரெண்டாவது நாலாவது அடிக்கு விரல சொடுக்கி, ஒன்... டூ... ஒன் டூ த்ரீ ஃபோர். நமக்கு கை தானா ஒன்னுலயும் மூணுலயும்தான் விழும், அத மாத்தறதுக்கே எனக்கு பல மாசம் ஆச்சு, பாத்திரம் கழுவும்போது கூட ரெண்டு நாலுன்னு சொடுக்கிக்கிட்டு இருந்தேன். பெட்டி கார்ட்டர் ஒரு பாட்ட நின்னே போச்சோன்னு தோணுற அளவு மெதுவா பாடுவாங்க, அடுத்தத புயல் மாதிரி ஓட்டுவாங்க, ரெண்டுலயும் கடிவாளம் அவங்க கையிலதான் இருக்கும்.

சோல் பாடணும்னா சர்ச் பாட்டு தெரியாம முடியாது. அதே டெட்ராய்ட்ல நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சர்ச்ல, அப்பா பாஸ்டரா இருந்த இடத்துலதான் சோல் பாடகி அரேதா ஃபிராங்க்ளின் பாட ஆரம்பிச்சாங்க. பக்கத்துல ஒரு காஸ்பல் கொயர்ல (சர்ச் பாட்டுக் குழு) சேத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் பேப்பர் இல்லாம காதால கேட்டே மேல், நடு, கீழ்னு மூணு குரல் பார்ட்டும் கத்துக்குவாங்க, ஒருத்தர் ஒரு வரி விட்டா கூட்டம் பதில் சொல்லும். பின்னாடி கிளாஸ்ல நிக்கும்போது இதுதான் உங்க கைக்கு வரும். ஆனா அவங்க வழிபடுற இடம், ஸ்டைல் எடுத்துட்டு போக வந்தவங்க மாதிரி போகாதீங்க, உதவிக்கு நில்லுங்க.

ரெக்கார்டிங் பத்தி ஒரே வார்த்தை, மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவு, உங்க பேர்ல இருக்கட்டும். பெட்டி கார்ட்டருக்கு கம்பெனிங்க கதவு சரியா திறக்கல, 1969 வாக்குல பெட்-கார்னு சொந்த லேபிள் ஆரம்பிச்சு தானே தட்டு போட்டாங்க. அப்புறம் வெர்வ்னு ஒரு பெரிய கம்பெனி தேடி வந்து அந்த பழைய தட்டுகளையும் வாங்கி வெளியிட்டுச்சு, கிராமியும் கிடைச்சுது, 1997ல நேஷனல் மெடல் ஆஃப் ஆர்ட்ஸும் வந்துச்சு. இன்னிக்கு கணக்குல பாருங்க, அமெரிக்காவுல இன்டர்நெட் ரேடியோ பணத்த சவுண்ட்எக்ஸ்சேஞ்ச்னு ஒரு அமைப்பு பிரிக்கும்போது 50 சதவீதம் மாஸ்டர் வச்சிருக்கிறவங்களுக்கு, 45 முன்ன நின்னு பாடினவங்களுக்கு, 5 கூட வாசிச்சவங்களுக்கான நிதிக்கு. மாஸ்டரும் உங்களது குரலும் உங்களதுன்னா முதல் ரெண்டு பங்கும் உங்களுக்கு. அங்க உங்க பேர பதிவு பண்ணாம விட்டுடாதீங்க.

வயசாயிடுச்சேன்னு தயங்குறவங்க ஜாஸ் பாடகி நெனா ஃப்ரீலானை பாருங்க. நார்த் கரோலினாவுல மூணு பிள்ளைங்கள வளர்த்துக்கிட்டே பாட்டுக்கு வந்தவங்க, கொலம்பியா ரெக்கார்ட்ஸ்ல முதல் ஆல்பம் வந்தது 1992ல, அப்ப அவங்களுக்கு முப்பது தாண்டி பல வருஷம்.

இப்ப சொல்லிக்கொடுக்கிறது. பெட்டி கார்ட்டர் பேண்ட்ல வாசிச்சவங்க லிஸ்ட் பாருங்க, ஜான் ஹிக்ஸ், மல்க்ரூ மில்லர், பென்னி க்ரீன், சைரஸ் செஸ்ட்நட், லூயிஸ் நாஷ். சின்னப் பசங்களா உள்ள வந்து தனியா பேண்ட் நடத்துற அளவுக்கு வளர்ந்து வெளிய போனாங்க, அப்புறம் அடுத்த பசங்கள கூட்டிட்டு வந்து முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க அந்த அம்மா. 1993ல புரூக்ளின் அகாடமி ஆஃப் மியூசிக்ல ஜாஸ் அஹெட்னு இதையே ஒரு ப்ரோக்ராமா ஆக்கினாங்க, 1998ல அது வாஷிங்டன் கென்னடி சென்டருக்கு போச்சு, அந்த செப்டம்பர்ல அவங்க இறந்துட்டாங்க, அப்புறமும் அவங்க பேர்லயே நடந்துச்சு. அதனால உங்க பேண்ட்லயும் ஒரு இடம் உங்களவிட சின்னவங்களுக்குன்னு வைங்க, காச சரியா கொடுங்க.

ஸ்கூலுக்குள்ள போக, டீச்சிங் ஆர்ட்டிஸ்ட் ரோஸ்டர்னு பல மாநில ஆர்ட்ஸ் கவுன்சில்ல லிஸ்ட் இருக்கும், அதுல சேர அப்ளை பண்ணுங்க. பாடின வீடியோவ மட்டும் அனுப்பாதீங்க, கிளாஸ் எடுக்கிற வீடியோவும் வைங்க.

முதல் கிளாஸ்ல லெக்சர் வேண்டாம், ப்ளூஸ்ங்கிற பாட்டு வடிவத்துல எழுத வைங்க. 12 பார், மூணு வரி, ஒரு வரிக்கு 4 பார். "இன்னிக்கு பஸ்ஸு வரவே இல்ல"ன்னு ஒரு பையன் சொல்றான்னு வைங்க. அத பாடுங்க, ரெண்டு பார்லயே முடிஞ்சிடும், மிச்சம் ரெண்டு பார் காலியா இருக்கும், அங்க கிளாஸ் மொத்தமும் பதில் சொல்லணும், கைத்தட்டோ ஹம்மிங்கோ எதுவானாலும் சரி. ரெண்டாவது வரி அதே வரிதான். அந்த நேரத்துல பசங்க மண்டைக்குள்ள மூணாவது வரி ஓடிக்கிட்டு இருக்கும், பேசவே பேசாத ஒரு பொண்ணு கூட கைய தூக்கும். அவளுக்கு அந்த காலி ரெண்டு பார விட்டுக்கொடுங்க, நடுவுல நீங்க பாடிடாதீங்க.