ஒரே ஒரு சுவரை எடுப்பாக்குவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

மூன்று சுவர்களும் வெளிர் நிறத்தில் அடங்கியிருக்க, ஒன்று மட்டும் அடர் நிறத்தில் எடுப்பாக நிற்பதைத்தான் ஃபீச்சர் வால் என்கிறோம். வால்பேப்பர், மரப்பலகை, கல் என்று பல வழிகள் உண்டு. முதன்முறை என்றால் பெயிண்டே போதும் என்பேன். பிடிக்கவில்லை என்றால் அதன் மேலேயே வேறு நிறம் அடித்துவிடலாம்.

எந்தச் சுவர்?

அறை வாசலில் நில்லுங்கள். பார்வை முதலில் போய் நிற்கும் சுவர்தான் பெரும்பாலும் சரியான சுவர். படுக்கையறையில் கட்டிலின் தலைமாட்டுச் சுவர், கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் உள்ளது. கதவும் அலமாரியும் துண்டு துண்டாக்கிய சுவரைத் தவிர்த்துவிடுங்கள். ஜன்னல் உள்ள சுவரும் வேண்டாம். வெளிச்சம் கண்ணைக் கூச வைப்பதால் அதன் நிறம் இருண்டே தெரியும். ஜன்னலுக்கு எதிரிலோ பக்கத்திலோ இருக்கும் சுவரில்தான் நிறம் துலங்கும்.

நிறம்: அவசரமே வேண்டாம்

நிற அட்டையில் விரல் அகலக் கட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது. அட்டையில் மென்மையாக இருக்கும் நிறம் சுவர் முழுவதும் பரவியதும் மிக அழுத்தமாகத் தெரியும்.

நான் முதலில் மயில் நீலம் அடித்தேன். பகலில் அவ்வளவு அழகு. மாலையில் விளக்கைப் போட்டதும் நீலம் செத்து, பச்சையும் கறுப்பும் கலந்தாற்போல் மங்கிவிட்டது. பெயிண்டில் குறையில்லை, பல்புதான் காரணம். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 2700 கெல்வின் பல்பின் ஒளியில் மஞ்சள் மிகுதி, நீலம் குறைவு. அதில் காவி, செம்மண், கடுகு நிறங்கள் செழிக்கும். நீலங்கள் சோபை இழக்கும். 6500 கெல்வின் வெள்ளொளியில் நீலம் தெளிவாக இருக்கும், காவிதான் வெளிறும். எனவே அந்த அறையில் எந்த பல்பு எரிகிறது என்று அதன் உறையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே நிற அட்டையைக் கையில் எடுங்கள்.

மாதிரி டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு பூச்சு அடியுங்கள். காய்ந்த பிறகு அதே சுவரில் சாய்த்து வைத்து, காலை, நண்பகல், இரவு என்று இரண்டு நாள் பாருங்கள். ஈரத்தில் பார்த்து ஏமாற வேண்டாம். எமல்ஷன் (தண்ணீர் சார்ந்த சுவர் பெயிண்ட்) காய்ந்ததும் பெரும்பாலும் சற்று அடர்ந்துவிடும். பளபளப்பில்லாத மேட் வகையையே வாங்குங்கள், சுவரின் மேடுபள்ளத்தை அது மறைக்கும்.

எவ்வளவு வாங்குவது?

12 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள சுவர் 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு 10 சதுர மீட்டர் வரும் என்று டப்பாவில் போட்டிருந்தால், இரண்டு பூச்சுக்கு 2.2 லிட்டர் வேண்டும். கொஞ்சம் கூடுதலாக, ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். மறுநாள் கலந்து தரும் நிறம் இம்மி மாறினாலும் சுவரில் தெரிந்துவிடும்.

சுவரைத் தயார் செய்தல்

முதலில் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. கசிவைச் சரிசெய்யாமல் பெயிண்டைத் தொடாதீர்கள், உரிந்து வந்துவிடும்.

ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் 120 எண் உப்புத்தாளாலும் பிறகு 220 எண்ணாலும் தேயுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தப்பிய மேடெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். தூசியைத் துடைத்து ஒரு பூச்சு பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, அடியுங்கள்.

அடிக்கும் நாள்

சுவர்கள் சந்திக்கும் ஓரங்களில், பக்கத்துச் சுவரின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, விரலால் நன்றாக அழுத்துங்கள். பக்கத்துச் சுவரின் பழைய நிறத்தை டேப்பின் விளிம்பில் மெல்லிசாக ஒருமுறை தடவிக் காயவிடுங்கள். டேப்புக்கு அடியில் இருக்கும் நுண்ணிய இடுக்குகளை அந்த நிறமே அடைத்துவிடும். புது நிறம் கசிந்து போக வழியிருக்காது. கத்தியால் கீறியதைப் போன்ற நேர்கோடு கிடைப்பது இதனால்தான்.

ஓரங்களைப் பிரஷ்ஷால் இரண்டு அங்குலம் அடித்துவிட்டு, அது காய்வதற்குள் ரோலரை எடுங்கள். மேலும் கீழுமாக வளைத்து ஓட்டிப் பெயிண்டைப் பரப்பி, கடைசியில் மேலிருந்து கீழாக லேசாக இழுத்து முடியுங்கள். பாதிச் சுவரில் நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. காய்ந்த விளிம்பின் மேல் மறுபடி அடித்தால் அந்தப் பட்டை கடைசிவரை தெரியும். இரண்டாவது பூச்சு, டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு. அது முழுவதும் காய்வதற்கு முன்பே டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள்.

படம் மாட்டுவதென்றால் அதன் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டர் உயரத்தில், கண்மட்டத்தில் இருக்கட்டும். சோபாவுக்கு மேலே என்றால் இடையில் 15 முதல் 20 சென்டிமீட்டர் விடுங்கள். பெயிண்ட் ஒரு நாளில் தொட்டால் ஒட்டாது. ஆனால் முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஈரத்துணியால் துடைக்காமல், சோபாவையும் நாலு விரல் தள்ளியே போட்டு வையுங்கள்.