முப்பதாயிரம் ரூபாயில் முதல் டிஎஸ்எல்ஆர்: மலையில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். வேலைக்குப் போய் ஒரு வருடமாகச் சேர்த்த பணம் முப்பதாயிரம் கையில் இருந்தது. "அக்கா, டிஎஸ்எல்ஆர் வாங்கணும். எந்த மாடல் நல்லது?" என்றான்.

"என்ன எடுக்கப் போறே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். பறவை என்றான். அப்புறம் அண்ணன் குழந்தை என்றான். குன்னூர் மலை ரயிலையும் சேர்த்துக்கொண்டான். மாடல் பெயரை முதலில் பிடித்துக்கொண்டு, எதைப் படம் எடுக்கப் போகிறோம் என்பதைக் கடைசியில் யோசிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

மாடல் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நிக்கான் டி3500, டி5600, கேனான் 1500டி, 200டி எல்லாமே 24 மெகாபிக்சல் கேமராக்கள். ஒரே லென்ஸ் தரத்தில் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எந்த கேமரா என்று சொல்வது கடினம். 24 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் அச்சிட்டால் 20 அங்குல அகலம் வரும். வீட்டுச் சுவரில் மாட்ட அது தாராளம். ஆகவே மெகாபிக்சலுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். கேனான் 3000டி பற்றி மட்டும் ஒரு வார்த்தை: விலை குறைவுதான், ஆனால் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். கண்ணாடி போடுபவர்கள், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரைத் தங்கள் பார்வைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வசதியும் அதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து அடுத்த மாடலுக்குப் போவது நல்லது.

இன்று கம்பெனிகள் மிரர்லெஸ் (டிஎஸ்எல்ஆர் போல உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) பக்கம் போய்விட்டன. 2018இல் வந்த டி3500இன் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. அதற்காக டிஎஸ்எல்ஆர் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் நல்ல நிலையில் உள்ள பழைய பாடிகளும் (லென்ஸ் இல்லாத கேமரா) லென்ஸ்களும் சந்தைக்கு வருகின்றன. குறைந்த பணத்தில் ஆரம்பிப்பவருக்கு இது நல்ல காலம்.

இனி பணத்தை எப்படிப் பிரிப்பது? கையில் இருப்பது முழுவதையும் பாடியில் போடுவது பெரிய தவறு. பாடியும் அதோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸும் சேர்ந்து பட்ஜெட்டில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. மீதியில் ஒரு நல்ல லென்ஸ், இன்னொரு பேட்டரி, மெமரி கார்டு, அப்புறம் ஈரத்திலிருந்து காக்க ஒரு பெட்டி. அந்தப் பெட்டி ஏன் பட்டியலில் வருகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

லென்ஸ் விஷயத்தில் நாங்கள் மலையில் இருப்பது பெரிய வித்தியாசம். கேமரா வாங்கப் பெரும்பாலும் கோவைக்குத்தான் இறங்குகிறோம். அங்கே கடை வாசலில், பளிச்சென்ற வெயிலில், எந்த லென்ஸை மாட்டினாலும் படம் நன்றாகத்தான் வரும். அதே லென்ஸைத் தூக்கிக்கொண்டு லாங்வுட் சோலைக்குள் காலை எட்டு மணிக்கு நுழைந்து பாருங்கள். மேலே இலைக்கூரை, அதற்கு மேல் மேகம். கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு சின்ன ஈப்பிடிப்பான் பக்கத்திலேயே தாழ்ந்த கிளையில் வந்து உட்காரும். ஓடாது, பயப்படாது. என் முதல் வருடத்தில் அதை, தூரத்தில் உள்ளதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 300 மி.மீ. லென்ஸில் நாற்பது படம் எடுத்தேன். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறனைக் கூட்டும் அமைப்பு) 3200 வைத்தும் ஷட்டர் வேகம் 1/60 நொடிக்கு மேல் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் நாற்பதிலும் ஆரஞ்சு நிறம் இழுபட்டு நின்றது. ஒரு இறகுகூடத் தெளிவாக இல்லை.

காரணம் எளிது. அந்த லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி கிடையாது. நடுக்கம் தெரியாமல் படம் எடுக்க ஷட்டர் வேகத்தின் கீழ் எண் லென்ஸின் மி.மீ. அளவுக்குக் குறையக் கூடாது என்பது பழைய கணக்கு. இந்த கேமராக்களின் சென்சார் சிறியது என்பதால் கேனானில் 1.6ஆலும் நிக்கானில் 1.5ஆலும் பெருக்க வேண்டும். அப்படியானால் 300 மி.மீ.க்கு 1/500 நொடியாவது வேண்டும். சோலைக்குள் அந்த வெளிச்சம் எங்கே இருக்கிறது?

ஆகவே "இரண்டு லென்ஸ் கிட், விலை ரொம்பக் கம்மி" என்று கடைக்காரர் சொன்னால் நின்று, லென்ஸ் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியைக் குறிக்கும் எழுத்துகள், கேனானில் ஐஎஸ், நிக்கானில் விஆர், இருக்க வேண்டும். கேனான் 75-300இல் ஐஎஸ் இல்லை, 300 மி.மீ. முனையில் படமும் மங்கலாக இருக்கும். அதே கேனானில் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் பல மடங்கு நல்லது. எட்டும் தூரம் கொஞ்சம் குறைகிறதே என்று வருந்த வேண்டாம். நிக்கானில் 70-300 ஏஎஃப்-பி லென்ஸ் விஆர் உள்ளது, இல்லாதது என இரண்டு வகையில் வந்தது. வெளித்தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது; பெயரைப் படித்தால்தான் தெரியும்.

18-55 கிட் லென்ஸை மட்டமாகப் பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேயிலைத் தோட்டம், தொட்டபெட்டா பக்கம் மேகம் இறங்குவது, வளைவில் திரும்பும் ரயில் எல்லாம் அதில் அருமையாக வரும். ஆறு மாதம் அதை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றினால் உங்களுக்கு எது போதவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கு இருக்கும் குறை வெளிச்சம். 55 மி.மீ.யில் அது எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மழைக்கால மாலையில் வீட்டுக்குள் குழந்தையைப் படம் எடுக்க இந்தப் பத்து மடங்கு எவ்வளவு உதவும் என்று ஒருமுறை எடுத்துப் பார்த்தால் புரியும்.

எஃப் 1.8 என்றதும் எல்லோரும் 50 மி.மீ. வாங்கச் சொல்வார்கள். கேனான் 50 எஸ்டிஎம் வெறும் 160 கிராம் எடையுள்ள நல்ல லென்ஸ். ஆனால் சிறிய சென்சாரில் அது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டு அறையில் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் ஒரு முகம்தான் சட்டத்துக்குள் அடங்கும். முகங்களை எடுக்க 50 வாங்குங்கள். அறைக்குள் நாலு பேரை எடுக்க வேண்டுமென்றால் நிக்கானில் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் சரியாக இருக்கும். கேனானில் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம்.

நிக்கான் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால் ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் ஃபோகஸ் திருக வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருப்பதைக் குறிக்கும் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி பெயரில் இருக்கட்டும். அதிலும் ஏஎஃப்-பி லென்ஸ்கள் மிகப் பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது. அதனால் உங்கள் பாடியில் மாட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பழைய சாமான் வாங்குவதில் பயம் வேண்டாம், அவசரம்தான் கூடாது. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். டி3500, டி5600 ஷட்டர்களை ஒரு லட்சம் முறை இயக்கிச் சோதித்ததாகக் கம்பெனி சொல்கிறது. நிக்கானில் ஒரு படம் எடுத்தால் அந்தக் கோப்பிலேயே எண் பதிவாகியிருக்கும். கேனான் மாடல்கள் பலவற்றில் அது அப்படித் தெரியாது. பில் இல்லாமல் "இம்போர்ட்டட் பீஸ்" என்று தரும் புதுக் கேமராவை விட, பில்லோடு வரும் இரண்டு வருடப் பழைய கேமராவையே நான் எடுப்பேன்.

லென்ஸுக்கு டார்ச் சோதனை கட்டாயம். இரண்டு பக்க மூடியையும் கழற்றுங்கள். பின்பக்கம் இருந்து மொபைல் டார்ச்சை அடித்து, முன்பக்கம் வழியே சற்றுச் சாய்வாகப் பாருங்கள். இரண்டு மூன்று தூசி இருந்தால் பரவாயில்லை. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல் போல, மரத்து வேர் போலக் கிளை விட்டுப் பரவியிருந்தால் அது பூஞ்சை. குன்னூரில் ஒரு வீட்டில் நான் பார்த்த லென்ஸ் வெளியே புத்தம் புதுசு. கீறல் ஒன்றுகூட இல்லை. டார்ச் அடித்ததும் உள்ளே சிலந்தி வலை மாதிரி மினுங்கியது. மூன்று மழைக்காலம் தோல் பைக்குள்ளேயே பீரோவில் இருந்ததாம். பூஞ்சையைத் துடைத்து எடுக்கலாம், ஆனால் அது லென்ஸ் பூச்சை அரித்த தடம் போகாது.

இதனால்தான் பெட்டியைப் பட்ஜெட்டிலேயே சேர்க்கச் சொன்னேன். நீலகிரியில் ஈரம் இரண்டு தவணையாக வருகிறது. கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது ஓய்ந்தால் கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பர். நடுவில் மழை இல்லாத நாளிலும் மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்து துணியை நமுக்க வைக்கிறது. இருட்டும் ஈரமும் சேர்ந்த பீரோ பூஞ்சைக்குத்தான் வசதி.

விலை உயர்ந்த மின்சாரப் பெட்டி இப்போது வேண்டாம். ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பெரிய டப்பா ஒன்று, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். மீட்டர் 40இலிருந்து 50க்குள் காட்ட வேண்டும். 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றும் நேரம். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்தால் பச்சையாகும். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில், இளம் தீயில் வறுத்தால் திரும்ப ஆரஞ்சாகும். ஜெல்லுக்குப் பதில் அரிசி போடாதீர்கள், தவிட்டுத் தூசி லென்ஸ் வளையங்களுக்குள் போகும். அந்துருண்டை போட்ட பீரோவிலும் கேமராவை வைக்கக் கூடாது.

கடையில் கூடவே தலையில் கட்டுவது யூவி ஃபில்டர். மலை உயரத்துக்கு அவசியம் என்பார்கள். ஃபிலிம் காலத்தில் அது சரி. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. மூடுபனியை எந்த ஃபில்டரும் விலக்காது. அந்தப் பணத்தில் இரண்டாவது பேட்டரி வாங்குங்கள். ஜனவரியில் தலைகுந்தாவில் உறைபனி எடுக்கப் போனால் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். ஒன்றைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்து மாற்றி மாற்றிப் போடலாம். திரும்பி வந்ததும் அடுப்பு எரியும் அறைக்குள் கேமராவை நேரே கொண்டு போகாமல், பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விடுங்கள். இல்லையென்றால் லென்ஸ் மேல் வியர்த்துவிடும்.

எங்கள் தெருப் பையன் கடைசியில் பழைய நிக்கான் பாடியும் 18-55உம் 17,000க்கு வாங்கினான். 35 மி.மீ. ஒன்று 7,000க்குக் கிடைத்தது. டார்ச் அடித்துப் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். மீதியில் கார்டு, பேட்டரி, டப்பா எல்லாம் அடங்கியது. பறவைக்கான லென்ஸ் அடுத்த தீபாவளிக்கு என்று வைத்திருக்கிறான். நேற்று அண்ணன் குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்பியிருந்தான். வெளியே ஒரே மேகம், கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கீழே ஒரு வரி: "அக்கா, மீட்டர் 58 காட்டுது, ஜெல்லை வறுக்கணுமா?"